நோட்டில் இருக்கும் மதிப்பெண்கள்: ராக், மெட்டல் ஆல்பங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இடது பக்கம் ஆல்பத்தின் பெயர், பேண்டின் பெயர், வெளிவந்த ஆண்டு. வலது பக்கம் பத்துக்கு எத்தனை என்ற எண், கூடவே ஒன்றிரண்டு வரி. எல்லாமே மாற்று ராக் (வழக்கமான ராக் பாதையை விட்டு விலகியது), மெட்டல் (கிதார் கனமாக, கரகரப்பாக ஒலிப்பது) ஆல்பங்கள்தான். முந்நூற்றுச் சொச்சம் சேர்ந்திருக்கின்றன. நோட்டை வாங்கிப் புரட்டும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இங்கே நிதானமாக.

எண்ணை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், நடுவில் எழுந்து போகாமல் குறைந்தது ஐந்து தடவை கேட்பேன். ஒரே வாரத்தில் இல்லை, ஒரு மாதமாவது ஆகும். ஒரு தடவையாவது ஹெட்போனில், ஒரு தடவையாவது ஸ்பீக்கரில். அதன் பிறகு பென்சிலால் ஒரு எண். ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்கும்போதும் அதே எண் தோன்றினால் பேனாவால் எழுதிவிடுவேன்.

10 என்றால் எந்த நொடியையும் வெட்ட மனம் வராத ஆல்பம். 9 என்றால் ஒரு சின்னக் குறை தெரிகிறது, ஆனாலும் வருடத்தில் பலமுறை அதனிடம் திரும்பிப் போகிறேன். 8 நல்ல ஆல்பம், நண்பருக்குத் தயங்காமல் சொல்வேன். 7-இல் நாலைந்து பாட்டு நிற்கும், மற்றவை கடந்து போகும். 5-க்குக் கீழே அபூர்வம். பிடிக்காததை ஐந்து தடவை கேட்கப் பொறுமை வேண்டுமே.

பாட்டுக்குப் பாட்டு மதிப்பெண் போடாமல் முழு ஆல்பத்துக்கு ஏன்?

இதற்கு ஒரு கதை உண்டு. கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரர் ஒரு எம்பி3 சிடி கொடுத்தார். மெட்டாலிகா என்ற மெட்டல் பேண்டின் எல்லா ஆல்பங்களும் ஒரே வட்டில். அதில் பாட்டுகள் ஆங்கில அகரவரிசைப்படி ஓடும். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தில் கடைசியாக வரவேண்டிய பாட்டு இரண்டாவதாக வந்தது. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும், குரலே இல்லாத அந்தப் பெரிய வாத்திய இசை எங்கோ நடுவில் தொங்கியது. ஆறு மாதம் அப்படியே கேட்டேன், பிடித்துத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் ஒரிஜினல் கேசட் கையில் கிடைத்தது. வாத்திய இசை முடிந்து, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாரின் ஒலி மெல்ல எழும்பி, கடைசிப் பாட்டு வெடித்தபோதுதான், இத்தனை நாள் ஒரு வீட்டை ஜன்னல் வழியாகத் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேன் என்று புரிந்தது.

நாம் திரைப்பாட்டில் வளர்ந்தவர்கள். ஒரு பாட்டு தனியாக நிற்கும், தனியாக முணுமுணுக்கப்படும். இந்த இசையில் ஆல்பம்தான் ஒரு முழு படைப்பு. எந்தப் பாட்டு எதற்குப் பின்னால் வருகிறது, இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி மௌனம் என்பதையும் யோசித்து வைக்கிறார்கள்.

நீளமான ஆல்பம் என்றால் கூடுதல் மதிப்பெண்ணா?

இல்லை, பல நேரம் நேர்மாறு. ஸ்லேயரின் ‘ரெயின் இன் ப்ளட்’ (1986) பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடம். அன்றைய கேசட்டின் ஒரு பக்கத்திலேயே முழு ஆல்பமும் அடங்கிவிட்டதால் மறுபக்கத்திலும் அதையே பதிந்து விற்றார்கள். தயாரித்த ரிக் ரூபின் அதுவரை ஹிப் ஹாப்பில் பேர் வாங்கியவர்; மெட்டலில் அன்று வழக்கமாக இருந்த எதிரொலியை எடுத்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் வாசிப்பதுபோலக் காய்ந்த ஒலியாக வைத்தார். வேகம் அப்படியே முகத்தில் அறைகிறது. எனக்கு 9.5.

சவுண்ட்கார்டனின் ‘சூப்பர் அன்னோன்’ (1994) 70 நிமிடம். கிறிஸ் கார்னலின் குரலுக்காகவே உயிரைக் கொடுக்கலாம். ஆனாலும் கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு பாட்டை எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. 8.5. ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் ‘மெலன் காலி’ (1995) இரண்டு வட்டு, 28 பாட்டு. அதில் ஒரு மகத்தான ஒற்றை வட்டு ஒளிந்திருக்கிறது, 7.5. அதே பேண்டின் ‘சயமீஸ் ட்ரீம்’ (1993) என் கணக்கில் 9. டூல் பேண்டின் ‘லேட்டரலஸ்’ (2001) மட்டும் 79 நிமிடம் ஓடியும் எனக்குச் சலிக்கவில்லை. அதற்கும் 9.

மெட்டாலிகாவுக்கு ஏன் இத்தனை ஏற்றத்தாழ்வு? ஒரே பேண்டுக்கு 10-உம் இருக்கிறது, 3.5-உம் இருக்கிறதே?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ (1986): 10. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகர ஸ்டுடியோ ஒன்றில் ஃப்ளெமிங் ராஸ்முசனோடு பதிவு செய்தது. எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம். பேஸ் வாசித்த கிளிஃப் பர்ட்டன் அந்த ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனில் பேண்டின் பஸ் கவிழ்ந்து இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 24. அது தெரிந்து கேட்கும்போது அவருடைய பேஸ் வேறு விதமாக ஒலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது தெரியாமலேயே நான் விடுதியில் மயங்கிக் கிடந்த ஆல்பம் இது.

‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988): 8. பாட்டுகளாகப் பார்த்தால் 9.5. பர்ட்டனின் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் இதில் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. கிதாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்த வறட்சியே அழகு என்று வாதாடும் நண்பர் எனக்கு உண்டு. ஒரு மனிதர் வாசித்ததை மற்றவர் காதுக்கு எட்டாமல் வைத்த ஆல்பத்துக்கு 8-க்கு மேல் போட எனக்குக் கை வரவில்லை.

கறுப்பு அட்டை ஆல்பம் (1991): 7.5. பாப் ராக் (Bob Rock) என்பவர் தயாரித்தது, உலகம் முழுக்க ஓடியது. ஒலிப்பதிவில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. டிரம்ஸ் இப்படி விழ வேண்டும் என்று இன்றைக்கும் ஆட்கள் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். ஆனால் முந்தைய ஆல்பங்களில் ஒரு பாட்டுக்குள் நாலு வாசல் திறக்கும். இதில் ஒன்றுதான், அதுவும் முதல் நிமிடத்திலேயே திறந்துவிடுகிறது.

‘செயின்ட் ஆங்கர்’ (2003): 3.5. ஸ்னேர் டிரம்மின் கீழே இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு அடித்ததால் தகர டப்பா ஒலி, 75 நிமிடத்துக்கு. கிதார் தனியாவர்த்தனம் ஒன்றுகூடக் கிடையாது. பேண்ட் உடைந்துபோகும் நிலையில் இருந்து மீண்ட காலத்து ஆல்பம், அந்த வலி உண்மையானது. அதற்குத்தான் அந்த மூன்றரை.

‘டெத் மேக்னடிக்’ (2008): 6.5. பாட்டுகளில் பழைய வேகம் திரும்பியிருந்தது. ஆனால் மாஸ்டரிங் என்கிற, வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசிக் கட்டத்தில் எல்லா ஒலியையும் உச்சத்துக்கு ஏற்றி நசுக்கிவிட்டார்கள். மெல்லியதும் பலத்ததும் ஒரே உயரம், உரத்த இடங்களில் ஒலி கிழிகிறது. அதே பாட்டுகள் ‘கிடார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் நசுக்கப்படாமல் வந்திருந்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். அந்த விளையாட்டு வடிவத்துக்கு நான் 8 போடுவேன்.

ஒலிப்பதிவுக்கு இவ்வளவு எடை தேவையா? இசை நன்றாக இருந்தால் போதாதா?

இந்த வகை இசையில் ஒலியும் இசையும் இரண்டல்ல. ஒரு கிதார் சொற்றொடரைச் சுரம் எழுதிக் காட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட வாசித்துவிடும். அதை எந்த அளவு கரகரப்பாக, எவ்வளவு பெரிய அறையில், எவ்வளவு தூரத்தில் மைக் வைத்துப் பிடித்தார்கள் என்பதில்தான் பாதி உயிர் இருக்கிறது.

நிர்வாணா பேண்டின் இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துக் கேளுங்கள். ‘நெவர்மைண்ட்’ (1991) புட்ச் விக் தயாரித்தது, மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சேர்ப்பது) ஆண்டி வாலஸ். எல்லாம் பளபளவென்று, பெரிதாக இருக்கும். 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. அந்த மெருகு பேண்டின் பாடகர் கர்ட் கோபேனுக்கே பிறகு உறுத்தியது. அதனால் ‘இன் யூட்டரோ’ (1993) செய்ய ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியிடம் போனார்கள். மின்னசோட்டாவில் ஊருக்கு வெளியே இருந்த ஒரு ஸ்டுடியோவில், பனிக்காலத்தில், இரண்டே வாரத்தில் வேலை முடிந்தது. விற்பனையில் பங்கு வேண்டாம், குழாய் ரிப்பேர் செய்பவருக்குக் கொடுப்பதுபோல வேலைக்கு ஒரு தொகை கொடுத்தால் போதும் என்று அல்பினி முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்தார். கோடிக்கணக்கில் விற்கப்போகும் ஆல்பம் என்று தெரிந்தும்! அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு அளவில்லை. 2024-இல் அவர் இறந்தபோது நாள் முழுக்க அவர் பதிவு செய்த ஆல்பங்களாகவே கேட்டேன்.

‘இன் யூட்டரோ’வில் டிரம்ஸ் அடிக்கும்போது அறையின் சுவர் கேட்கும். கோபேனின் தொண்டை கிழிவதை யாரும் மறைக்கவில்லை. ‘நெவர்மைண்ட்’ 8.5, ‘இன் யூட்டரோ’ 10. எதிர்மாறாகப் போடுபவர்கள் நிறையப் பேர். பாட்டுகளின் மெட்டு என்று பார்த்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மாற்று ராக்கையும் மெட்டலையும் ஏன் ஒரே நோட்டில் கலக்கிறீர்கள்?

எனக்கு இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம், 1960-களின் நடுப்பகுதி. தகடு வெட்டும் தொழிற்சாலையில் டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையனின் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் எடுத்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பி மாட்டி வாசித்தார். பிற்பாடு கம்பிகளின் இழுப்பைத் தளர்த்தச் சுருதியையும் இறக்கினார். 1971-இல் வந்த, அவருடைய பிளாக் சபாத் பேண்டின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் கேட்கும் அந்தக் கனத்த, அடித்தொண்டை ஒலிக்குப் பின்னால் ஒரு தொழிலாளியின் காயம் இருக்கிறது. அதற்கு 9.5.

இருபது வருடம் கழித்து அமெரிக்காவில் சியாட்டில் பையன்கள் சுருதியை இறக்கி மெதுவாக, கனமாக வாசித்தபோது கடைக்காரர்கள் அதை மாற்று ராக் அலமாரியில் வைத்தார்கள். ஆலிஸ் இன் செயின்ஸ் எந்த அலமாரி? ஃபெய்த் நோ மோரின் ‘ஏஞ்சல் டஸ்ட்’ (1992, எனக்கு 9) எந்த அலமாரி? பெயர் கடைக்கு வேண்டும். நோட்டுக்கு வேண்டாம்.

அடித்தொண்டையில் உறுமுகிறார்களே, அதை எப்படி ரசிக்கிறீர்கள்?

முதலில் எனக்கும் முடியவில்லை. திறந்தது ஸ்வீடன் பேண்டான ஓபெத்தின் ‘பிளாக்வாட்டர் பார்க்’ (2001). மிக்கேல் ஓகர்ஃபெல்ட் ஒரே பாட்டில் உறுமுவார், அடுத்த நிமிடம் தேன் மாதிரிப் பாடுவார். இரண்டும் ஒரே ஆளின் குரல் என்று உறைத்தபோதுதான் உறுமல் என்பது பாடத் தெரியாமல் கத்துவது இல்லை, வாத்தியத்தை மாற்றுவது என்று புரிந்தது. தவிலும் நாதஸ்வரமும் மாறி மாறி முன்னுக்கு வருமே, அப்படி. அந்த ஆல்பத்தைச் செய்ய உதவிய ஸ்டீவன் வில்சனும் மெல்லிய பகுதிகளுக்கு நிறையக் காற்றோட்டம் கொடுத்திருக்கிறார். 10.

2009-இல் ஓபெத் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்தது. கூட்டத்தில் நானும் இருந்தேன். பக்கத்தில் நின்ற பையன் உறுமலையும் சேர்த்து வரிக்கு வரி கூடவே பாடினான், எனக்குப் புல்லரித்தது.

உறுமல் பழகியதும் ‘டெத்’ பேண்டின் ‘சிம்பாலிக்’ (1995) கேளுங்கள். அந்த பேண்டின் பாடகரும் கிதார் கலைஞருமான சக் ஷுல்டினர் மூளைக்கட்டியால் 34 வயதில் இறந்தவர். அவருடைய கிதாரில் இருக்கும் மெட்டைக் கேட்டால் இது ‘டெத் மெட்டல்’ என்ற பெயருக்கே சம்பந்தமில்லாத மென்மை. 9.5.

சோகமான ஆல்பங்களுக்கே அதிகம் போடுகிறீர்கள், ஏன்?

எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். 10 வாங்கியவற்றில் ஆலிஸ் இன் செயின்ஸின் ‘டர்ட்’ (1992) மாதிரி இருட்டானது எதுவும் இல்லை. பாடகர் லேன் ஸ்டேலி ஹெராயினுக்கு அடிமையாக இருந்தவர், ஆல்பத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியது. கவர்ச்சியாகக் காட்டவே இல்லை. அருவருப்பு, வெட்கம், பயம் மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறார். கிதார் வாசித்துக் கூடவே பாடும் ஜெர்ரி கான்ட்ரெல் வியட்நாம் போருக்குப் போய் வந்த தன் அப்பாவைப் பற்றி எழுதிய பாட்டும் இதில் இருக்கிறது. இருவர் குரலும் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு சின்ன உரசல் கேட்கும். கோவில் மணியின் ரீங்காரத்துக்குள் இன்னொரு சுரம் கேட்குமே, அதுபோல. ஸ்டேலி 2002 ஏப்ரலில் தனியாக, வீட்டுக்குள் இறந்து கிடந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

என் வாழ்க்கையில் ஒரு கெட்ட வருடம் இருந்தது. வேலை போய், யாரோடும் பேசாமல் இருந்த வருடம். அப்போது உற்சாகமான பாட்டைக் கேட்டால் அது என்னைத் தள்ளிவிட்டுப் போவதுபோல இருக்கும். ‘டர்ட்’ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அந்த 10-இல் அந்த வருடமும் சேர்ந்திருக்கிறது. சொந்த மதிப்பெண் என்று சொல்வது அதனால்தான்.

போட்ட எண்ணை மாற்றியதுண்டா?

நிறைய. ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’ (2000) வந்தபோது கிதாரைத் தேடி ஏமாந்து 5 போட்டேன். மூன்று வருடம் கழித்து ஒரு இரவு ரயிலில் கேட்டேன், இன்று 9.5. டெஃப்டோன்ஸின் ‘ஒயிட் போனி’ (2000) 7-இலிருந்து 9.5-க்கு ஏறியது. அதில் நான் செய்த தவறு வேறு, கீழே சொல்கிறேன். லிங்கின் பார்க்கின் ‘ஹைப்ரிட் தியரி’ (2000) அன்று 10, இன்று 8. இறங்கியது என்று வருத்தமில்லை. 38 நிமிடத்தில் ஒரு தலைமுறையையே இந்தப் பக்கம் இழுத்துவந்த ஆல்பம் அது. செஸ்டர் பென்னிங்டனின் குரல் இப்போதும் நெஞ்சை அடைக்கிறது.

எந்தப் பதிப்பைக் கேட்டு மதிப்பெண் போட்டீர்கள்?

நல்ல கேள்வி, குறைவாகக் கேட்கப்படுவது. பேர்ல் ஜாமின் ‘டென்’ (1991) இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பழையதில் எதிரொலி நிறைய, குரல் ஒரு குகைக்குள் இருந்து வரும். 2009-இல் பிரெண்டன் ஓபிரையன் புதிதாக மிக்ஸ் செய்தது வறட்டுத் தெளிவு. என்னுடைய 8.5 பழையதற்கு. ‘ஒயிட் போனி’க்கு அது வெளிவந்த 2000-லேயே மறுபதிப்பு வந்தது, தொடக்கத்தில் ஒரு புதுப் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். முதலில் என் கையில் கிடைத்தது அதுதான். அந்தப் பாட்டு வாசலிலேயே மனநிலையைக் கெடுத்துவிடுகிறது. அசல் வரிசையில் கேட்ட நாளில்தான் எண் மாறியது.

குற்றம் செய்தவர்களின் இசைக்கும் மதிப்பெண் உண்டா?

நார்வே பேண்டான மேய்ஹெமின் 1994 ஆல்பம் நோட்டில் இருக்கிறது. அதில் கிதார் வாசித்தவர் யூரோனிமஸ், பேஸ் வாசித்தவர் வார்க் விகெர்ன்ஸ். ஆல்பம் வெளிவரும் முன்பே, 1993 ஆகஸ்டில், விகெர்ன்ஸ் யூரோனிமஸைக் கத்தியால் குத்திக் கொன்றார். 21 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த பேஸை எடுத்துவிடுங்கள் என்று இறந்தவரின் பெற்றோர் கேட்டும் அது ஆல்பத்திலேயே இருக்கிறது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே பாட்டில் சேர்ந்து வாசிக்கிறார்கள். இசை அபாரமானது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெற்றோரை நினைத்தால் எண் எழுத முடியவில்லை, கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். விகெர்ன்ஸின் சொந்த ஆல்பங்களை நோட்டில் சேர்க்கவே இல்லை.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

10 வாங்கியவற்றில் தொடங்காதீர்கள். அவை பழகிய காதுக்கு. சிஸ்டம் ஆஃப் எ டவுனின் ‘டாக்ஸிசிட்டி’ (2001, 9) நல்ல வாசல். ஆர்மீனிய வம்சாவளியைச் சேர்ந்த நால்வர். மெட்டில் கிழக்கத்திய வளைவுகள் இருப்பதால் நம் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். அடுத்து ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷினின் முதல் ஆல்பம் (1992, 9). அதில் விசித்திரமான சத்தங்கள் வரும்போதெல்லாம் அவை டாம் மொரெல்லோவின் கிதார்தான் என்று நினைவில் வையுங்கள். கீபோர்டு எதுவும் பயன்படுத்தவில்லை என்று ஆல்பத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பிறகு ‘நெவர்மைண்ட்’, ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’. ஓபெத்தை மூன்றாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள்: கைபேசியில் கேட்டாலும் சரி, பாட்டு வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.